கோடை படுத்த வருஷம்

ஜூலை இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ஃபெலிம் மெக்கோல்ட்ரிக் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

டீலியாவுக்கு அது எட்டு மணிக்குத்தான் உறைத்தது. வீட்டுப் பாலுக்கென்று வைத்திருக்கும் ஒற்றைப் பசுவைக் கறந்துவிட்டு, மழைக்குத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்த சாக்கைக் கதவோரம் உதறிக்கொண்டே சமையலறைக்குள் வந்தாள். மேசையில் அவள் புருஷனின் கோப்பை கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தது. நாத்தனார் யூனா அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பு எரியவில்லை, புகைந்தது. எரிப்பதற்கென்று சதுப்பில் வெட்டிப் போட்ட மண்கட்டிகள் இந்த வருஷம் காயவே இல்லை. வெட்டிய இடத்திலேயே கரைந்து குழம்பாகக் கிடந்தன. போன வருஷத்து மிச்சத்தை யூனா ஒன்றொன்றாக எண்ணிப் போட்டு ஊதிக்கொண்டிருந்தாள்.

"எங்க உன் தம்பி?" என்றாள் டீலியா.

"என் தம்பியா? ராத்திரி பூரா பக்கத்துல படுத்திருந்தது நீ. என்னைக் கேக்கறே."

டீலியா அறைக்குள் போனாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போர்வை காது வரைக்கும் ஏறியிருந்தது. அந்தச் சுவரில் ஜூன் மாதமே பூசணம் பிடித்து, கருப்புப் புள்ளிகளாகக் கூரை வரை ஏறியிருந்தது.

"ஃபெலிம், மணி எட்டு."

"ம்."

"ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல."

"பின்ன எந்திரிச்சு வா. கஞ்சி ஆறுது."

"வந்து?"

வந்து என்ன செய்வது என்று அவளுக்கும் தோன்றவில்லை. வயலில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகிறது. சதுப்புக்குப் போக வழியில்லை. உருளைக்கிழங்குச் செடிக்கு இரண்டு முறை மருந்தடித்தும், அடித்த அன்றைக்கே மழை கழுவிக்கொண்டு போய், இலையெல்லாம் கருகிச் சரிந்துவிட்டது. நேற்று முழுக்க அவன் கொட்டகை வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பெய்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்தின நாளும் அப்படித்தான்.

"சரி, இன்னைக்கு ஒரு நாள் படு" என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

லீட்ரிம் மாவட்டத்து மண் எப்போதுமே நீர் இறங்காத களிமண். கோரை தானாக வளரும், புல்லைக் கெஞ்சி வளர்க்க வேண்டும். ஆனாலும் அந்த மே மாதக் கடைசியில் ஐந்து நாள் வானம் வாய் திறக்காமல் இருந்தது. பக்கத்து வயல்காரன் மெல் கில்ராய் புதிதாக வாங்கிய புல்வெட்டு எந்திரத்தை டிராக்டரில் மாட்டிக்கொண்டு வாசலுக்கே வந்து நின்றான்.

"ஃபெலிம், என்னோடத முடிச்சிட்டேன். உன்னோடதையும் ஒரே ஓட்டா ஓட்டிட்டுப் போயிடறேன். பச்சையா வெட்டிக் குமிச்சு, பிளாஸ்டிக் தாளப் போட்டு மூடி, மேல நாலு பழைய டயரத் தூக்கி வச்சாச்சுன்னா முடிஞ்சது வேலை. உள்ளயே ஊறிக் கெடக்கும். நாம தட்ட நக்கற மாதிரி மாடு நக்கித் திங்கும்."

"ஊறுகா போட்ட புல்ல என் மாடு திங்காது."

"குடுத்துப் பாத்தியா?"

"புல்லு இன்னும் கணுக்காலத் தாண்டல மெல். வளரட்டும். ஜூலையில வெட்டிக் காயவச்சுப் போர் போட்டுக்கறேன்."

"ஜூலையில வானம் உன் பேச்சக் கேக்குமா?"

"மே மாசத்துல உன் பேச்சக் கேட்டுச்சுல்ல? அப்ப எனக்கும் ஒரு தடவ கேக்கும்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். டீலியாவும் வாசலில் நின்று சிரித்தாள். ஜூன் இரண்டாம் தேதி சாயங்காலம் மேற்கே இருந்து முதல் சாரல் வந்தது. அதன்பிறகு நாள் தவறவில்லை. கொட்டித் தீர்க்கிற மழையாக இருந்தாலும் தேவலை, தீர்ந்து போகுமே. இது சிணுங்கும், நின்றது போலப் போக்குக் காட்டும், மறுபடி பிடித்துக்கொள்ளும். கூடவே ஊதக்காற்று. ஜூலையில் குளிர்காலத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜனங்கள் பூசைக்குப் போனார்கள். "இந்த வருஷம் கோடைய என்னைக்கு வச்சாங்க? நான் அன்னைக்குப் பல்லுப் புடுங்கப் போயிருந்தேன் போல, பாக்கல" என்று கோயில் வாசலில் மெல் சொன்னபோது, எல்லோரும் சிரித்த சிரிப்பில் சத்தம் இல்லை.

ஒரு நாள் என்பது ஒரு வாரம் ஆயிற்று. ஃபெலிம் ஒன்றுக்கு ரெண்டுக்கு மட்டும் எழுந்தான். பிறகு, கொட்டகைப் பக்கம் போகச் சோம்பி, ஒன்றுக்குப் போக ஒரு வாளியை அறைக்குள் கேட்டான். டீலியா தேநீரும் ரொட்டியும் தட்டில் வைத்து எடுத்துப் போனாள். மதியம் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும். பாதி தின்றிருப்பான், பாதி அப்படியே இருக்கும்.

டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். நுரையீரல் நன்றாக இருக்கிறது, இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது, மனசுதான் சோர்ந்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நாலு நாள் நல்ல வெயில் பட்டா சரியாயிடுவான்" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறினார்.

"மாத்திரை கடையில கெடைக்கும். வெயில எந்தக் கடையில வாங்கறதுன்னு எழுதிக் குடுத்தாரா?" என்றாள் யூனா.

அந்த நாட்களில்தான் தெற்கே மாதா சிலை அசைகிறது என்ற செய்தி கிளம்பியது. ஒரு ஊரில் அசைந்தது, பிறகு ஊருக்கு ஊர் அசைந்தது. மழைக்கோட்டும் ஜெபமாலையுமாக ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குகைக்கோயில்கள் முன்னால் நின்றார்கள். மெல் ஒரு நாள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழம பஸ் போகுது. ரெண்டு எடம் இருக்கு. வரீங்களா? மாதா கை அசைக்கிறாளாம், கண்ணுல தண்ணி வருதாம்."

"தண்ணியா? அத இங்கயே தெனம் பாக்கறோம்" என்றாள் யூனா. "சிலை அசையுதுன்னு அறுபது மைல் போகணுமாக்கும். எங்க வீட்ல ஒரு மனுசன் அசைய மாட்டேங்கறான். ஒரு பஸ் நிறைய ஆள ஏத்திக்கிட்டு வந்து அத வேடிக்க பாருங்க."

மெல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். டீலியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் போகும்வரை பொறுத்திருந்து பிடித்துக்கொண்டாள்.

"ஊரான் முன்னால உன் கூடப்பொறந்தவன இப்படியா பேசறது? அவன் சீக்காளி, யூனா."

"சீக்காளி இல்ல."

"பின்ன என்னவாம்?"

யூனா கையிலிருந்த உருளைக்கிழங்கைக் கத்தியால் குடைந்து, அழுகலை எடுத்துத் தொட்டியில் போட்டாள். ஐம்பத்தேழு வயது. விரலெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். டீலியா கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவையும் நின்று பேசியதில்லை. எதையாவது சீவிக்கொண்டோ கழுவிக்கொண்டோதான் பேசுவாள். இப்போது கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"முப்பத்தொம்போது வருசத்துக்கு முன்ன, நாப்பத்தாறுலயும் இப்படித்தான் பேஞ்சுச்சு. ஓட்ஸெல்லாம் நின்ன நிலையிலயே மொளச்சுப் போச்சு. செப்டம்பர்ல ஒரு நாள் எங்கப்பன் எந்திரிக்கல. ஒடம்புக்கு என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறான். அம்மா போயி ரெண்டு வருசம். எனக்குப் பதினெட்டு, ஃபெலிமுக்குப் பன்னெண்டு. பாவம், ஓஞ்சு கெடக்கான்னு தட்டுல சோத்த வச்சு உள்ள கொண்டுபோயிக் குடுத்தேன். நல்ல புள்ளைன்னு ஊரே மெச்சிச்சு."

"எத்தன நாள்?"

"பதினோரு வருசம்."

மாமனார் நோயில் கிடந்து செத்தார் என்றுதான் இந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். என்ன நோய் என்று டீலியா கேட்டதில்லை.

"மூத்திரப் பீங்கானத் தூக்கிட்டு வெளிய போறதும் தட்டத் தூக்கிட்டு உள்ள போறதுமாப் பதினோரு வருசம். கிளூன் ஊர்ப் பக்கத்துல இருந்து ஒருத்தன் என்னைக் கேட்டு வந்துட்டிருந்தான். தச்சு வேலைக்காரன். மூணு வருசம் பாத்தான். அப்புறம் மான்செஸ்டருக்குக் கப்பல் ஏறிட்டான். அவன் மேல என்ன தப்பு?" யூனா கத்தியை மறுபடி கையில் எடுத்தாள். "தட்டு அறைக்குள்ள போகக் கூடாது டீலியா. போற வரைக்கும் அவன் வெளிய வரமாட்டான்."

"பட்டினி போடச் சொல்றியா?"

"மேசையில வைக்கச் சொல்றேன்."

மறுநாள் டீலியா தட்டை மேசையில் வைத்தாள். கதவுக்கு வெளியே நின்று, "சாப்பாடு மேசையில இருக்கு" என்று சொன்னாள். சாயங்காலம் அதைக் கோழிக்குப் போட்டாள். ராத்திரியும் அப்படியே. அடுத்த நாள் மதியம் கதவைத் திறந்து பார்த்தாள். அவன் அதே பக்கமாகப் படுத்திருந்தான். "பசிக்கலியா?" என்றாள். "பசிக்கல போல" என்றான், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவள் சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டு, முட்டை அவித்து, தட்டில் வைத்து உள்ளே எடுத்துப் போனாள். யூனா பார்த்தாள். சுரண்டிக்கொண்டிருந்த பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுரண்டினாள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ராத்திரி டெலிவிஷனில், வரைபடத்தின் மேல் கை வீசிக்கொண்டு, வியாழன் வரைக்கும் மழை இருக்காது என்றார் வானிலைக்காரர். டீலியாவும் யூனாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிறு பூசையில் ஃபாதர், "இன்னைக்கு வயல்ல வேலை செஞ்சா பாவம் இல்ல. வெயில் இருக்கறப்ப செய்யாம இருக்கறதுதான் பாவம்" என்று சொல்லிப் பிரசங்கத்தை இரண்டே வரியில் முடித்துவிட்டார். ஜனங்கள் ஓடாத குறையாக வெளியே வந்தார்கள்.

மெல் மதியத்துக்குள் வந்து மேட்டு வயல் புல்லை வெட்டிக் கொடுத்தான். பள்ளத்து வயலில் டிராக்டர் இறங்காது என்பது பார்த்தாலே தெரிந்தது. மேட்டு வயல் ஒன்று தேறினால் ஒன்பது மாட்டுக்கும் பிப்ரவரி வரையாவது ஓடும்.

திங்கட்கிழமை இரண்டு பெண்களும் விடிந்ததும் இறங்கினார்கள். புல் படுத்த வாக்கில் அடியில் பச்சைத் தண்ணீராக இருந்தது. பல் வைத்த மர வாரியால் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய்த் திரும்புவதற்குள் முதலில் புரட்டியது மேலே வெளுத்திருக்கும். மறுபடி புரட்ட வேண்டும். காற்று வடக்கிலிருந்து வந்தது, ஈரமில்லாத காற்று. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு டீலியா கோட்டைக் கழற்றி வேலியில் போட்டாள். மதியம் ஆறிய தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும். யூனா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முகத்தை வெயிலுக்குக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னடி பாக்கறே?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"நீ சும்மா உக்காந்து நான் பாத்ததில்ல."

"இப்பப் பாத்துக்க. நாளைக்கு இருக்காது."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் புல் கையில் எடுத்தால் சரசரத்தது. ஆனால் தண்டை முறுக்கினால் இன்னும் ஈரம் கசிந்தது. டீலியாவின் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தாள். யூனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சின்னச் சின்னக் குவியலாக் குவிச்சு வச்சிரலாமா?" என்றாள் யூனா. "கை ஓடுற வரைக்கும்."

"இன்னும் பச்சை வாடை அடிக்குது. இப்பக் குவிச்சா உள்ளுக்குள்ள சூடேறி வெந்து போயிடும். வியாழன் வரைக்கும் இல்லன்னுதான் சொல்றான். நாளைக்கு ஒரு நாள் பரப்பிக் காஞ்சா தங்கமா இருக்கும்."

"சொல்றவன் டப்ளின்ல உக்காந்து சொல்றான்."

"யூனா, என்னால இன்னைக்கு இன்னொரு தடவ குனிய முடியாது."

அதுதான் உண்மை. யூனா அவள் கையைப் பார்த்தாள், தலையாட்டினாள். வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் இறங்கினார்கள்.

டீலியா கை கழுவாமல்கூட அறைக்குள் போனாள். ஃபெலிம் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அந்த மூன்று வாரத்தில் அவன் உட்கார்ந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜன்னல் வழியே எதிரே இருந்த அனீரின் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேட்டு வயல் முக்காவாசி காஞ்சாச்சு ஃபெலிம்! நாளைக்கு ஒரே நாள். வியாழக்கிழம மாதா திருநாளுக்கு முன்ன எல்லாம் கொட்டகைக்குள்ள இருக்கும். மோந்து பாரு" என்று முந்தானை போல மடித்திருந்த ஏப்ரனில் இருந்து ஒரு பிடி புல்லை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

அவன் புல்லை எடுத்துப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வருகிறவன் போல உதடு அசைந்தது. பிறகு சரிந்து படுத்துக்கொண்டான்.

புதன்கிழமை காலை ஐந்து மணிக்குக் கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டு டீலியா விழித்தாள். கொஞ்ச நேரம் அது கனவு என்று சொல்லிக்கொண்டு கிடந்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடியபோது, யூனா ஏற்கனவே வேலியோரம் நின்றிருந்தாள், இரவு உடுப்பின் மேல் கோட்டோடு. இரண்டரை மாதமாகச் சிணுங்கிய வானம் அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கொட்டியது. பரப்பி வைத்த புல் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வரப்போரம் தண்ணீர் ஓடியது, அதில் புல் மிதந்து போனது.

"வா உள்ள" என்றாள் யூனா. "நின்னு என்ன ஆகப்போகுது?"

"நீ சொன்ன, குவிச்சிரலாம்னு."

"சொன்னேன். எனக்கும் முடியலதான். வா."

ஐந்து நாள் பெய்தது. மூன்றாம் நாள் டீலியாவுக்குக் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு நோகவில்லை, கை கால் இருந்தது, எழுந்தால் என்ன என்றுதான் இருந்தது. பக்கத்தில் ஃபெலிமின் மூச்சுச் சத்தம் கேட்டது. நான் சொன்னதால்தானே போனது, நான் குனிந்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும் என்று ஒன்றே திரும்பத் திரும்ப ஓடியது. மெல்லைத் திருப்பி அனுப்பிய மே மாதத்திலிருந்து இந்த மனுஷனுக்குள்ளேயும் இதுதானே ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். போர்வைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பது உறைத்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காலைத் தரையில் ஊன்றினாள். தரை பனிக்கட்டி மாதிரி இருந்தது. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது.

"ஃபெலிம்."

"ம்."

"செவ்வாக்கிழம சாயங்காலம் ஜன்னல்ல மலையப் பாத்துட்டு இருந்தியே."

அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"எப்படித் தெரிஞ்சுது மலை? தூரத்துலயா, கிட்டவா?"

அனீரின் மலை கையெட்டும் தூரத்தில், பாறை பாறையாகத் தெளிவாகத் தெரிந்தால் மறுநாள் மழை. அந்த வட்டாரத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். இரண்டு நாளும் குனிந்த தலை நிமிராமல் புல்லையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் மலையைப் பார்க்கவில்லை.

"கிட்டத் தெரிஞ்சுது" என்றான்.

"எவ்வளவு கிட்ட?"

"ஆடு மேயறது தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமே ஃபெலிம். ஒரு வார்த்த. நாங்க தவழ்ந்தாவது போயிக் குவிச்சிருப்போமே."

"குவிச்சாலும் போயிருக்கும்."

"பாதி நின்னிருக்கும்!"

"நிக்காது டீலியா. எதுவும் நிக்காது." அவன் குரலில் வீம்பு இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது. திட்டியிருந்தால், அழுதிருந்தால், அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அவள் எழுந்து சமையலறைக்கு வந்தாள்.

"மாட்ட வித்துடறேன்" என்றாள்.

யூனா அடுப்பிலிருந்து திரும்பினாள். "அவன் கிட்டக் கேட்டியா?"

"இல்ல. கேக்க மாட்டேன். ஒம்பது மாடு ஜனவரியில கொட்டகையில பட்டினியில விழறதப் பாக்க என்னால முடியாது. கறவையும் அந்தச் சின்ன செவலையும் இருக்கட்டும். மத்த ஏழும் கன்னுங்களும் போகட்டும். மழையில நனஞ்ச அந்தப் புல்லுல பொறுக்கி எடுத்தா ரெண்டுக்குத் தேறும்."

"எல்லாரும் விக்கறாங்க. அடிமாட்டு வெலைக்குப் போகும்."

"போகட்டும்."

யூனா கரண்டியைக் கீழே வைத்தாள். "மெல் கிட்ட லாரி இருக்கு" என்றாள்.

செப்டம்பர் ஆறு, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு மெல் லாரியைக் கொட்டகை வாசலுக்குப் பின்பக்கமாக ஓட்டி நிறுத்திப் பலகையை இறக்கினான். தூறல். பலகை வழுக்கியது. டீலியா அதன் மேல் சாம்பலும் கோரையும் அள்ளிப் போட்டாள். மாடுகள் சகதியில் நின்று தலையைத் தூக்கி லாரியின் இருட்டைப் பார்த்தன. முன்னே நின்ற கிழட்டு வெள்ளைமூஞ்சி ஒரு காலைப் பலகையில் வைத்தது, எடுத்தது, அப்படியே பின்வாங்கி மற்றதையெல்லாம் இடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடியது.

"ஹே! ஹே! திரும்பு!"

மூன்று தடவை வளைத்துக்கொண்டு வந்தார்கள். மூன்று தடவையும் அதே கதை. ஒரு கன்று வழுக்கி விழுந்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் கால் மாட்டிக் கத்தியது. அதன் தாய் மெல்லை முட்ட வந்தது. மெல் முழங்கால் வரை சாணிச் சகதியாக, கம்பை ஓங்கினான்.

"அடிக்காத மெல்" என்றாள் டீலியா.

"அடிக்காம? பாட்டுப் பாடி ஏத்தச் சொல்றியா? ஒம்பது மணிக்குச் சந்தையில நிக்கணும்." கம்பு வெள்ளைமூஞ்சியின் முதுகில் விழுந்தது. இரண்டாவது அடியும் விழுந்தது.

"மாட்ட அடிக்காத."

சமையலறைக் கதவில் ஃபெலிம் நின்றிருந்தான். உள்ளுடுப்பின் மேல் கோட்டு, கட்டாத பூட்ஸ். நரைத்த தாடி கன்னத்தை மூடியிருந்தது. ஆறு வாரமாகப் படுக்கையில் பார்த்துப் பார்த்துத் தெரியாதது வெளிச்சத்தில் தெரிந்தது: அவன் கோட்டு இன்னொருவனுடைய கோட்டு மாதிரி இருந்தது.

டீலியா வழியை மறித்து நின்றாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மூன்று வாரமாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். தீனி இல்லை, எனக்கு வேறு வழி இல்லை, நீ எழுந்து வந்திருந்தால் கேட்டிருப்பேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவன் அவளைத் தாண்டிக்கொண்டு போனான். கதவுக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினான். பிறகு பலகையில் தானே ஏறி, லாரியின் இருட்டுக்குள் போய் நின்றுகொண்டு கூப்பிட்டான்.

"ச்சக்... ச்சக்... வாடி, வாடி, வா... ச்சக்..."

தினமும் சாயங்காலம் வயல் வாசலில் நின்று கூப்பிடுகிற அதே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. கிழட்டு வெள்ளைமூஞ்சி காதை நிமிர்த்தியது. ஆறு வாரமாகக் கேட்காத குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தது. பிறகு சாம்பல் மேல் காலை வைத்து, ஒவ்வொரு அடியாக, அவன் நின்ற இருட்டுக்குள் ஏறிப் போனது. மற்றவை பின்னாலேயே போயின. ஒன்றையும் தள்ள வேண்டியிருக்கவில்லை.

அவன் லாரியின் பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக இறங்கினான்.

"பலகையத் தூக்கு" என்றான் மெல்லிடம்.

மெல் தூக்கினான். ஏதோ ஆறுதல் சொல்ல நினைத்து, "நல்ல வெலைக்குப் பாக்கறேன் ஃபெலிம்" என்றான். ஃபெலிம் தலையை மட்டும் ஆட்டினான். லாரி பாதையில் திரும்பி, வேலி மறைவில் போய், சத்தமும் தேய்ந்து போனது. டீலியா அவன் பக்கத்தில் நின்றாள். அவன் தாடியில் நீர்த்துளிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. உள்ளே வா என்று சொல்லப் பயமாக இருந்தது. உள்ளே போனால் எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து எதையோ இழுக்கிற சத்தம் வந்தது. நாற்காலி ஒன்று விழுந்தது. சமையலறைக் கதவு அகலத் திறந்து, முதலில் யூனாவின் முதுகு வந்தது. மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து, குனிந்து, முனகிக்கொண்டு அவள் இழுத்து வந்தாள். வாசற்படியில் அது மாட்டிக்கொண்டது. ஒரு காலைச் சுவரில் ஊன்றி, இழுத்து, முற்றத்துச் சகதியில் குப்புறத் தள்ளினாள். குதிரைமயிர் அடைத்த பழைய மெத்தை. தண்ணீரை உறிஞ்ச அதற்கு இரண்டு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"என்ன யூனா இது?" என்றான் ஃபெலிம்.

"பாத்தா தெரியல?" அவளுக்கு மூச்சு இரைத்தது. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. "அப்பன் கெடந்ததும் இதுதான். உறைய மட்டும் ரெண்டு தடவ மாத்தியிருக்கு."

"அப்பனுக்கு இதச் செய்யலியே நீ."

"செய்யல. செய்யலாம்னு எனக்கு அப்பத் தெரியல." அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்தாள். "தெரிஞ்சப்போ வயசு இருபத்தொம்போது ஆயிப்போச்சு."

ஃபெலிம் அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வயதில் இருந்து அவள் ஆக்கிப் போட்டதைத் தின்றவன். அந்தப் பதினோரு வருஷத்தை அவன் ஒருபோதும் அவளுடைய வருஷங்களாக நினைத்துப் பார்த்ததில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஏதாவது சொல்வான் என்று டீலியா காத்திருந்தாள்.

"மிச்சம் ரெண்டுக்கும் தீனி போட்டாச்சா?" என்று கேட்டான் கடைசியில்.

"இல்ல" என்றாள் டீலியா.

அவன் பூட்ஸ் கயிறு சகதியில் இழுபடக் கொட்டகைக்குள் போனான். சிறிது நேரம் கழித்து அவளும் போனாள். மேட்டு வயலில் இருந்து அள்ளி வந்து போட்டிருந்த புல், கருத்து, மூலையில் குவிந்து கிடந்தது. உள்ளே புழுங்கல் வாடை. அவன் அதன் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பிடி எடுப்பான், மூக்கருகே கொண்டுபோய் முகர்வான், உதறுவான். ஆகாததை இடது பக்கம் போட்டான், ஆவதை வலது பக்கம். டீலியாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்தாள்.

மதியம் வரைக்கும் பிரித்தார்கள். வலது பக்கத்தில் சேர்ந்தது ஒரு கைவண்டி அளவு இருக்கும்.